எழும்பூரும் தஞ்சை அரண்மனையும்: செப்புத்திருமேனி, செப்பேடு, சுவடி பார்க்கப் போவோருக்கு (விவாத இழை)

மலைக்கோட்டை
எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள், தஞ்சாவூர் அரண்மனைக்கு ஒரு நாள் என்று ஒதுக்கியிருக்கிறோம். நான்கு பேர், ஒருவர் பத்தாம் வகுப்பு மாணவி. சோழர் காலச் செப்புத்திருமேனி, செப்பேடு, ஓலைச்சுவடி ஆகிய மூன்றும்தான் முக்கியம். எந்தக் கிழமையில் போகலாம், எதிலிருந்து தொடங்கலாம், எதை விட்டுவிடலாம்? சுவடியைக் கண்ணாடிப் பேழைக்கு வெளியே பார்க்க வழி உண்டா?

பாந்தியன்சாலை
முதலில் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தேசிய விடுமுறை நாட்களிலும் திறக்க மாட்டார்கள். தஞ்சை அரண்மனையில் உள்ள சரஸ்வதி மகால் நூலகத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. வியாழன் சென்னை, வெள்ளி தஞ்சாவூர் என்று வைத்தால் இரண்டும் ஒத்துவரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் தொலைபேசியில் ஒரே கேள்வி: "எந்தக் கூடம் பராமரிப்பில் இருக்கிறது?" "நாளைக்குத் திறந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டால் "திறந்திருக்கும்" என்ற பதிலோடு முடிந்துவிடும். வளாகம் திறந்திருக்கும், நீங்கள் பார்க்க வந்த கூடம் பூட்டியிருக்கும்.

1851இல் தொடங்கிய நிறுவனம் அது. 1854இல் பாந்தியன் சாலைக்கு வந்த பிறகு, ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு கட்டடமாகச் சேர்ந்தது. அதனால் நேர்வழி என்று ஒன்று கிடையாது; வாசலில் வருகிற முதல் கட்டடத்தில் நுழைந்தால் கல்சிற்பத்திலும் திமிங்கில எலும்பிலும் பாதி நாள் போய்விடும். காலை 9.30க்கு உள்ளே போனதும் நேராக வெண்கலக் கூடம். பள்ளிக்கூடப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் ஒரு மணி நேரமாவது அமைதியாகப் பார்க்கலாம். அடுத்து செப்பேடுகள், ஆதிச்சநல்லூர் பொருட்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அமராவதி, அதாவது ஆந்திரத்துப் பௌத்தத் தூபியின் சிற்பப் பலகைகள். விலங்கியல், தாவரவியல் கூடங்களை இந்தப் பயணத்தில் கூசாமல் விட்டுவிடுங்கள்.

பீடம்பார்ப்பவன்
வெண்கலக் கூடத்தில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் பத்தாவது சிலைக்கு மேல் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எட்டோ பத்தோ தேர்ந்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் கொடுங்கள். என் பட்டியலில் முதலிடம் இரண்டுக்கு.

ஒன்று, திருவாலங்காட்டு நடராஜர். திருவாசி இல்லை, பறக்கும் சடையும் இல்லை. திருவாசியைத் தனியாக வார்த்துப் பீடத்தில் பொருத்துவார்கள். புதைத்து வைத்த காலத்திலோ தோண்டிய காலத்திலோ முதலில் பிரிந்து போவது அதுதான். ஆனால் இந்தச் சிலைக்கு அந்த இழப்பே ஆதாயம். கவனத்தைச் சிதறடிக்க நெருப்பு வளையம் இல்லாததால் முயலகன் மேல் ஊன்றிய காலிலிருந்து இடுப்பு, தோள், தூக்கிய கால் என்று எடை எப்படி ஏறிப் போகிறது என்பது நன்றாகத் தெரியும். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் இதைப் பற்றி எழுதியது புகைப்படங்களைப் பார்த்துத்தான். நமக்கு நேரிலேயே கிடைக்கிறது. நான்கு பக்கமும் நின்று பாருங்கள்.

இரண்டு, திருவெண்காட்டு அர்த்தநாரி. வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. வலது கைகளில் ஒன்று மழு ஏந்தியிருக்கும், மற்றொன்று காற்றில் எதன் மேலோ சாய்ந்தாற்போல மடிந்திருக்கும். அங்கே ஒரு காளை இருந்திருக்க வேண்டும். அது கிடைக்கவில்லை.

எந்தச் சிலையானாலும் பார்க்கும் வரிசை இது. முதலில் பீடம்: பக்கங்களில் துளையோ வளையமோ இருக்கும், வீதியுலாவின்போது கழி செருகிக் கட்ட. அதிலிருந்தே அது உற்சவர் என்று சொல்லிவிடலாம். பிறகு முதுகு: தலைக்குப் பின்னால் சிரச்சக்கரம், பின்கழுத்தில் விழும் சுருள்முடி, பூணூல் தோளைச் சுற்றிக் கீழிறங்கும் விதம். சோழர் காலத்துச் சிற்பி முதுகை வெறுமையாக விட்டதில்லை. முகம் கடைசியில். வழிபாட்டில் நெடுங்காலம் இருந்தது என்றால் அபிஷேகத்திலும் துடைப்பிலும் மூக்கு, உதடு மழுங்கியிருக்கும். மண்ணுக்குள் கிடந்தது என்றால் பச்சை படிந்திருந்தாலும் கோடுகள் கூர்மையாக இருக்கும். காலம் பிந்தப் பிந்த மூக்கு கூராகும், முழங்காலில் சில்லு ஒட்டினாற்போல வட்டம் விழும், நகைகள் உடம்போடு இழையாமல் தனியே நிற்கும்.

ஐயப்பாடு
> காலம் பிந்தப் பிந்த மூக்கு கூராகும்

இதை வைத்துக்கொண்டு மாணவியை நூற்றாண்டு சொல்ல விட்டுவிடாதீர்கள். "கி.பி. 11ஆம் நூற்றாண்டு" என்று விவரப்பலகையில் இருப்பதில் பெரும்பாலானவை சிற்ப பாணியை வைத்துச் செய்த மதிப்பீடுகள். வார்த்த ஆண்டைத் திருமேனியிலேயே எழுதி வைக்கும் வழக்கம் இல்லை. கல்வெட்டோடு முடிச்சுப் போட முடிந்தவை மிகக் குறைவு.

காவிரிக்கரை
அந்தக் குறைவானவற்றில் ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறதே, ஐயப்பாடு! அரண்மனைக் கலைக்கூடத்து ரிஷபவாகனர், காளைமேல் கை சாய்த்து நிற்கும் சிவன். இவரும் திருவெண்காட்டுக்காரர்தான். ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அந்தக் கோயிலில் இவரைக் குறிப்பிடுகிறது, அதாவது 1011. தேவியைப் பற்றிய குறிப்பு அடுத்த ஆண்டு. இங்கேயும் காளை இல்லை. சடையைத் தலைப்பாகைபோலச் சுற்றி, பாம்புகளால் கட்டி, கால்மாற்றி நிற்கும் நிலை; முன்னால் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் பக்கவாட்டில் போய் நின்று தலைப்பாகையின் சுற்றுகளைப் பாருங்கள். 1011ஐ உறுதியான முளையாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு முன், அதற்குப் பின் என்று ஒப்பிடுவதுதான் முறை. திருவெண்காட்டுப் பிட்சாடனர், கல்யாணசுந்தரர் இருவரும் அங்கேயே இருக்கிறார்கள்.

தஞ்சையில் எல்லோரும் குழம்பும் இடம் நுழைவுச்சீட்டு. அரண்மனை ஒரே வளாகம், ஆனால் கலைக்கூடம் வேறு, சரஸ்வதி மகால் வேறு, தர்பார் மண்டபப் பக்கம் வேறு. வாசலில் வாங்கும் ஒரே சீட்டு எல்லாவற்றுக்கும் செல்லும் என்று நினைக்க வேண்டாம். எது எதற்கு என்று கேட்டு வாங்குங்கள். சரஸ்வதி மகாலில் மதியம் ஒரு மணி வாக்கில் இடைவேளை விடுவார்கள். ஆகவே முதலில் நூலகத்தின் காட்சிக்கூடம், இடைவேளையில் சாப்பாடு, பிறகு கலைக்கூடம். காட்சிக்கூடத்தில் படம் எடுக்க விடமாட்டார்கள். குறிப்பேடு எடுத்துப் போங்கள்.

மலைக்கோட்டை
நன்றி காவிரிக்கரை அண்ணா. ஒரே ஊர்த் திருமேனிகள் சென்னையில் கொஞ்சம், தஞ்சையில் கொஞ்சம் என்று பிரிந்தது ஏன்? கோயிலுக்கே திருப்பிக் கொடுத்திருக்கலாமே?

பாந்தியன்சாலை
1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம்தான் காரணம். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். வயலை உழும்போதும், கோயில் திருப்பணிக்குக் குழி வெட்டும்போதும் கிடைத்தவை அந்த வழியாக எழும்பூருக்கு வந்தன. 1951இல் தஞ்சைக் கலைக்கூடம் தொடங்கிய பிறகு அந்தப் பகுதிச் சிலைகள் சில அங்கேயே தங்கின. திருவெண்காட்டில் 1950களில் பல தடவையாகக் கிடைத்ததால் பங்கு பிரிந்துவிட்டது.

இன்னொன்று. பழைய பலகைகளில் திருவெண்காடு "தஞ்சாவூர் மாவட்டம்" என்று இருக்கும். அப்போது அது சரி. பிறகு நாகப்பட்டினம், 2020 முதல் மயிலாடுதுறை. கண்டெடுத்த ஊரின் பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், மாவட்டத்தை நம்பித் தேடினால் கிடைக்காது.

கோயிலுக்குத் திருப்பலாமா என்பதற்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தொடங்கினால் மலைக்கோட்டை இந்த வருடம் கிளம்ப மாட்டார்.

பீடம்பார்ப்பவன்
எழும்பூரில் நாகப்பட்டினத்துப் புத்தர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1856 முதல் 1930கள் வரை அந்த ஊரில் சுமார் 350 பௌத்தச் செப்புத்திருமேனிகள் கிடைத்தன. பல சிறியவை, அதனால் கூட்டம் நிற்பதில்லை. உச்சியில் சுடர்போல நிற்கும் உஷ்ணீஷம்தான் அடையாளம். ஆனைமங்கலம் என்ற ஊரைச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு விட்டதைச் சொல்லும் செப்பேடு 21 ஏடு கொண்டது. லெய்டன் செப்பேடு என்றால் எல்லோருக்கும் தெரியும். அந்த விகாரம் இருந்த ஊர்தான் நாகப்பட்டினம். மாணவியிடம் இந்த முடிச்சைச் சொன்னால் பாடப்புத்தகத்தில் இருப்பது கண்முன் நிற்கும்.

செப்பேடு என்று வந்துவிட்டதால்: எழும்பூரில் உள்ள திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடு, முதலாம் ராஜேந்திரன் காலத்தது, 1905இல் கிடைத்தது. வாசிக்க முயல்வதற்கு முன் விளிம்பைப் பாருங்கள். ஏட்டின் ஓரம் சற்றே எழும்பியிருக்கும். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கினாலும் எழுத்து உரசித் தேயாமல் இருக்க அந்த ஏற்பாடு. வளையத்தின் இணைப்பை முத்திரை மூடியிருக்கும்: புலி, இரட்டை மீன், வில். இடையில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ வேண்டுமென்றால் வளையத்தை அறுத்தாக வேண்டும். மோசடிக்கு அதுவே பூட்டு. முதலில் வடமொழிப் பகுதி கிரந்தத்தில், பிறகு தமிழ்ப்பகுதி. எழுத்து தெரியாவிட்டாலும் எழுத்தின் சாயல் மாறும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஐயப்பாடு
படம் எடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. செம்புக்கும் கல்லுக்கும் ஃபிளாஷ் பட்டால் என்ன ஆகிவிடும்? சும்மா தடுக்கிறார்கள்.

சுவடிச்சட்டம்
செம்புக்கு ஒன்றும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வளாகத்தில் ஓவியமும் துணியும் ஓலையும் இருக்கின்றன. காவலர் ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு விதி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சாயம், காகிதம், ஓலை இவற்றுக்கு உலகெங்கும் சுமார் 50 லக்ஸ்தான் வெளிச்சம். ஒளியால் வரும் சேதம் கூடிக்கொண்டே போகும், குறையாது. கூடம் இருட்டாக இருக்கிறது என்று குறைபடுவதற்கு முன் ஐந்து நிமிடம் உள்ளே நில்லுங்கள், கண் பழகிவிடும்.

படத்துக்கும் ஃபிளாஷால் நன்மை இல்லை. பேழைக் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டாக விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, கண்ணாடியைத் தொடாமல் போனைக் கிட்டே வைத்து, இன்னொருவர் கறுப்புத் துணியோ குடையோ பின்னால் பிடித்தால் பிரதிபலிப்பு போய்விடும். முதல் படம் எப்போதும் விவரப்பலகை, இரண்டாவதுதான் பொருள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து நாற்பது நடராஜர்களை வைத்துக்கொண்டு எந்த ஊர் எது என்று திண்டாட வேண்டியதுதான்.

பீடம்பார்ப்பவன்
செம்புக்கு எதிரி ஒளியல்ல, உப்பும் ஈரமும். குளோரைடு உள்ளே தங்கிவிட்ட திருமேனியில் ஈரக்காற்று படப்பட, வெளிர்பச்சைப் பொடி பூக்கும், தொட்டால் உதிரும். கரும்பச்சையாக, வழவழப்பாக, ஒட்டிக் கிடப்பது பாதுகாப்பான படிவு. எழும்பூரில் 1930இலேயே இதற்கென வேதியியல் பாதுகாப்புக்கூடம் அமைத்து, பரமசிவன் தலைமையில் மின்பகுப்பு முறையில் திருமேனிகளைச் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். பளபளவென்று தேய்க்காமல் ஏன் விட்டிருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு: தேய்த்தால் படிவோடு சேர்ந்து உளி நுணுக்கமும் போய்விடும்.

தேம்ஸ்கரை
அமராவதிக் கூடத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. எழும்பூரில் பல பலகைகளைச் சுவரில் பதித்துவிட்டார்கள். அதனால் இரண்டு கெடுதல்: சுவரின் ஈரமும் உப்பும் சுண்ணாம்புக்கல்லில் ஏறுகிறது, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியாது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 33ஏ அறையில் இதே தூபியின் சுமார் 120 துண்டுகள் இருக்கின்றன. 1845இல் வால்டர் எலியட் தோண்டியவை, 1859இல் கப்பலேறின. அங்கே ஒரு பலகையை இருபுறமும் பார்க்கலாம். ஒரு பக்கம் போதிமரத்தடியில் வெறும் இருக்கை, புத்தர் உருவமே கிடையாது. மறுபக்கம் சில நூற்றாண்டு கழித்துச் செதுக்கிய தூபி. பழைய கல்லைத் திருப்பிப் போட்டு மறுபடி பயன்படுத்தியிருக்கிறார்கள். எழும்பூர்ச் சுவருக்குள் இப்படி எத்தனை முதுகுகள் ஒளிந்திருக்கின்றனவோ!

பிரிட்டிஷ் நூலகத்துக்கு வருபவர்கள்: பொக்கிஷக் காட்சிக்கூடம் இலவசம், அட்டை தேவையில்லை. 868ஆம் ஆண்டின் அச்சிட்ட பௌத்த நூலான வஜ்ரசூத்திரம் அந்த நூலகத்தின் உடைமைதான், ஆனால் ஒளி படும் பொருட்களை மாற்றி மாற்றி வைப்பார்கள். குறிப்பிட்ட ஒன்றுக்காக வருவதானால் முதலில் கேட்டுவிட்டு வாருங்கள். வாசிப்பறைக்கு வாசகர் அட்டை வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். பை லாக்கரில், எடுத்துப் போவதெல்லாம் கண்ணாடிபோலத் தெரியும் உறையில்.

மலைக்கோட்டை
சுவடியைக் கையில் பார்ப்பது பற்றி, சுவடிச்சட்டம் ஐயா?

சுவடிச்சட்டம்
முடியும். ஆனால் காட்சிக்கூடம் வேறு, வாசிப்பு வேறு. சரஸ்வதி மகால் காட்சிக்கூடத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் சேகரிப்பிலிருந்து சில நூறு பொருட்கள்தான் வெளியே இருக்கும்: கண் நோயாளிகளின் கண்ணை வரைந்து வைத்த சிகிச்சைக் குறிப்பு, மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிடும், பிரெஞ்சு ஓவியர் லெ ப்ருனின் படங்கள், மன்னர் ஆங்கிலத்தில் கையெழுத்திட்ட புத்தகங்கள். சுவடிகள் பல்லாயிரம், அவை உள்ளே இருக்கின்றன, கேட்டால்தான் வெளியே வரும்.

கேட்பது எப்படி என்றால், "ஏதாவது பழைய சுவடி காட்டுங்கள்" என்றால் யாரும் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. அச்சிட்ட அட்டவணையில் நூலின் பெயர், சுவடி எண் இரண்டையும் முதலில் கண்டுபிடியுங்கள். ஒரே பெயரில் பல பிரதிகள் இருக்கும். வைத்தியச் சுவடிகளில் ஒரு கட்டுக்குள் மூன்று நான்கு நூல்கள் கிடக்கும், மேலே முதல் நூலின் பெயர் மட்டும் இருக்கும். ஆகவே நூலின் தொடக்க அடியையும் குறித்துக்கொள்ளுங்கள். எண், நோக்கம், வரும் நாள், அடையாள அட்டை நகல் இவற்றோடு முன்கூட்டியே கடிதம். மாணவர் என்றால் துறைத்தலைவர் கடிதமும். மின்படம் இருந்தால் அதைத்தான் முதலில் தருவார்கள், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பெரிதாக்கிப் படிக்க அதுவே வசதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் பார்த்துவிடுங்கள், அலைச்சல் மிச்சமாகலாம்.

சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், காலின் மெக்கன்சி என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய சேகரிப்பு உட்பட. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம். சைவ ஆகமம் என்றால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம். அவர்களின் சைவச் சுவடித்தொகுப்பு 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் ஏறியது. அச்சுப் புத்தகம், பழைய இதழ் என்றால் தரமணி ரோஜா முத்தையா நூலகம்.

கையில் வந்த பிறகு: கை கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், கிரீமும் சானிடைசரும் வேண்டாம். கையுறையும் வேண்டாம், ஓலையின் சிம்பில் நூல் மாட்டிக் கிழிக்கும். கட்டை மேசைமேல் படுக்க வைத்து, கயிற்றின் நுனியில் உள்ள கிளிமூக்கைப் பார்த்துப் பிரியுங்கள். கயிறு துளையை விட்டு நழுவாமல் இருக்க ஓலையை மடித்துச் செய்த துண்டு அது. ஒரு துளையில் கயிறு, இன்னொன்றில் சுள்ளாணி. சுள்ளாணியைத் திருகக் கூடாது, நேராக உருவ வேண்டும். கட்டைப் புத்தகம்போல நடுவில் விரிக்காதீர்கள். துளையிலிருந்து ஓரம் வரை விண்டுவிடும். ஒவ்வோர் ஏட்டையும் இரு முனையும் தாங்கித் திருப்புங்கள். எச்சில் தொட்டால் எழுந்து வெளியே போகச் சொல்வார்கள், நியாயம்தான். முடிந்ததும் ஏட்டெண் வரிசை சரிபார்த்துக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கயிறே ஓரத்தை அறுக்கும்.

எழுத்து மங்கலாகத் தெரிந்தால் மை போய்விட்டது என்று பொருள், எழுத்து போகவில்லை. எழுத்தாணி கீறிய பள்ளம் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாகப் பிடிக்கச் சொன்னால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். மையாடுவதும் தைலம் பூசுவதும் நூலகத்தார் வேலை.

ஐயப்பாடு
இரண்டாயிரம் ஆண்டுப் பழைய ஓலைச்சுவடி என்று வாட்சப்பில் வருவதெல்லாம்?

சுவடிச்சட்டம்
நூல் பழையதாக இருக்கலாம், ஓலை அல்ல. நம் தட்பவெப்பத்தில் ஓலைக்கு இருநூறு, முந்நூறு ஆண்டு ஆயுள். பூச்சி, ஈரம் சேர்ந்தால் அதுவும் இல்லை. நலிவதற்குள் புதிய ஓலையில் படியெடுத்து வந்ததால்தான் நூல்கள் பிழைத்தன. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 18, 19ஆம் நூற்றாண்டுப் படிகள்.

மலைக்கோட்டை
மகள் கேட்கிறாள்: பேழைக்கு வெளியே நின்றே ஒரு சுவடியை வாசித்துப் பார்க்க முடியுமா?

சுவடிச்சட்டம்
கொஞ்சம் பழகிக்கொண்டு வரட்டும். புள்ளி இருக்காது, க என்பது க்கும் ஆகலாம். எகர ஏகாரம், ஒகர ஓகாரம் வேறுபடாது. காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். சீர் பிரிக்காமல் செய்யுளும் உரைநடைபோல ஓடும். தெரிந்த பாட்டில் தொடங்குவதே வழி. மனப்பாடமாக உள்ள ஒரு வெண்பாவைப் புள்ளியில்லாமல், இடம் விடாமல் எழுதிப் பார்த்தால் கண் பழகும்.

முதலில் தேட வேண்டியது இடது ஓரத்து ஏட்டெண். ௨௰௫ என்றால் 25 (௨ = 2, ௰ = 10, ௫ = 5). அடுத்தது கடைசி ஏடு. படி எழுதியவர் நாள் குறித்திருந்தால் அங்கேதான். பிரபவ முதலான ஆண்டுப்பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் முடிவு சொல்ல முடியாது. தென்மாவட்டச் சுவடிகளில் கேரளத்திலும் வழங்கும் கொல்லம் ஆண்டும் சேர்ந்திருக்கும். அதைக் கி.பி.யாக்க, ஆவணி முதல் மார்கழிப் பாதி வரை என்றால் 824 கூட்டுங்கள், அதன் பிறகு ஆடி வரை 825. உதாரணமாக, ௲௰௨ துன்முகி தை என்று இருந்தால் (௲ = 1000) கொல்லம் 1012. 825 கூட்ட 1837, ஜனவரி வாக்கில். துன்முகி 1836 சித்திரையில் தொடங்கியது, ஆகவே இரண்டும் பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், ௰வையும் (10) ௱வையும் (100) மறுபடி பாருங்கள்.